வீல்டேல் கற்பாதை: ரோமானியச் சாலையா, இல்லையா?

இங்கிலாந்தின் வடக்கு யார்க்‌ஷயர் மேட்டுநிலத்தில், கோத்லாந்து என்ற சிற்றூருக்குத் தென்மேற்கே, புதர்களுக்கு நடுவே ஏறத்தாழ ஒரு மைல் நீளத்துக்குக் கற்கள் பரப்பிய மேடு ஒன்று ஓடுகிறது. பழைய பயணக் கையேடுகள் அதை பிரிட்டனில் மிக நன்றாக எஞ்சியிருக்கும் ரோமானியச் சாலைகளில் ஒன்று என்று புகழ்கின்றன. அதைப் பராமரிப்பில் வைத்திருக்கும் இங்கிலீஷ் ஹெரிட்டேஜ் அமைப்போ சற்றுத் தயங்கி, அநேகமாக ரோமானியர் காலத்தது, அதற்கு முந்தியதாகவோ பிந்தியதாகவோ இருக்கவும் கூடும் என்கிறது. தொல்லியலாளர்களில் ஒரு சாரார் இன்னும் ஒரு படி மேலே போய், அது சாலையே இல்லை என்கிறார்கள்.

ஒரே கல்வரிசைக்கு மூன்று பதில்கள். கல் கண்ணெதிரே கிடக்கிறது, யாரும் அதை மறைக்கவில்லை. அப்படியிருந்தும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வித்தியாசப்படும் அளவுக்குக் கருத்து எப்படிப் பிரிகிறது? இந்தக் குழப்பத்தின் வேர், "ரோமானியச் சாலை" என்ற முடிவு எதை வைத்து எடுக்கப்பட்டது என்பதில் இருக்கிறது.

முதலில் நிலம்

"மூர்" என்று ஆங்கிலேயர் சொல்வது மரமற்ற, ஈரம் மிகுந்த, அமிலத்தன்மை கொண்ட மேட்டுநிலத்தை. வடக்கு யார்க்‌ஷயர் மூர்களில் முழங்கால் உயரத்துக்கு வளரும் ஹெதர் புதர்தான் நிலத்தை மூடியிருக்கிறது. ஆகஸ்டில் அது பூத்தால் குன்றுகள் முழுவதும் ஊதா நிறமாகிவிடும். அடியில் இருப்பது ஜுராசிக் காலத்து மணற்கல். அதன்மேல் பல இடங்களில் "பீட்" என்ற அடுக்கு. தாவரங்கள் ஈரத்தில் முழுதாக மக்காமல், நூற்றாண்டுக்கணக்காகப் படிந்து கருமண்ணாக மாறியது அது.

இந்த நிலம் என்றைக்கும் இப்படி இருந்ததில்லை. பீட்டில் சிக்கிய மகரந்தத் துகள்களை ஆராய்ந்ததில், ஒரு காலத்தில் இங்கே காடு இருந்தது தெரிகிறது. கற்கால, வெண்கலக் கால மக்கள் மரங்களை வெட்டியும் எரித்தும் மேய்ச்சலுக்கும் சாகுபடிக்கும் நிலத்தைத் திறந்தார்கள். மண் சத்திழந்து ஹெதர் பிடித்துக்கொண்டது. ஆகவே இந்த மேட்டில் மனிதர் கைபட்ட கல் என்றால் அதற்கு உரிமை கோரப் பல காலத்தவர் வரிசையில் நிற்கிறார்கள்.

இன்னொன்றும் முக்கியம். அமில மண் எலும்பைக் கரைத்துவிடும், இரும்பைத் தின்றுவிடும். ரோமானியப் படை ஒன்று இந்த வழியே நடந்து, இரும்பு ஆணிகளைச் சிதறவிட்டுப் போயிருந்தாலும், நமக்கு மிச்சம் கிடைப்பது அரிது.

தரையில் தெரிவது என்ன

மண், பீட், சரளை, கூழாங்கல் ஆகியவற்றைக் குவித்து, சுற்றியுள்ள தரையிலிருந்து ஏறத்தாழ 0.7 மீட்டர் உயரத்துக்கு ஒரு கரை எழுப்பியிருக்கிறார்கள். அதன் அகலம் இடத்துக்கு இடம் 4 முதல் 7 மீட்டர் வரை மாறுகிறது. நடு உயர்ந்து இருபுறமும் சரிந்து, ஆமை முதுகு போன்ற வடிவம். அதன் மேல் மணற்கல் பலகைகளை ஒன்றோடொன்று நெருக்கிக் கிடத்தியிருக்கிறார்கள். கற்கள் செதுக்கிச் சதுரமாக்கப்பட்டவை அல்ல. கிடைத்த வடிவத்திலேயே கிடக்கின்றன. சில தட்டையாக, சில ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு, இடுக்குகளில் புல்லும் பாசியும் மண்டி. சில இடங்களில் விளிம்பில் ஓரக்கற்கள் வரிசையாக நிற்கின்றன. நீர் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகக் குறுக்கே கல் மதகுகளும் இருக்கின்றன.

கற்களின் மேலேயே நடக்க முயன்றால் கணுக்கால் பிசகும் அபாயம் உண்டு. நடப்பவர்கள் பெரும்பாலும் பக்கத்துப் புல்தடத்துக்கு இறங்கிவிடுகிறார்கள். வண்டி ஓட்டுவது என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்தச் சிறு அசௌகரியம் பின்னால் பெரிய கேள்வியாக வரப்போகிறது.

ரோமானியச் சாலை என்று எதைச் சொல்கிறோம்

பாடநூல்களிலும் இணையத்திலும் உலவும் ஒரு படத்தை முதலில் ஒதுக்கிவைக்க வேண்டும். ரோமானியச் சாலையின் குறுக்குவெட்டு என்று நான்கு அடுக்குகளை வரைந்து, ஒவ்வொன்றுக்கும் ஸ்டாட்டூமென், ரூடஸ், நியூக்ளியஸ் என்று லத்தீன் பெயர் எழுதியிருப்பார்கள். இந்தப் பெயர்களின் மூலம் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ். அவர் சொன்னது வீட்டுத் தரை போடும் முறையை, சாலை போடுவதை அல்ல. 1622இல் பிரெஞ்சு அறிஞர் நிக்கோலா பெர்ஜியே, சாலையும் இப்படித்தான் இருந்திருக்க வேண்டும் என்று அதை எடுத்துப் பொருத்தினார். நானூறு ஆண்டுகளாக அந்தப் பொருத்தம் ஒரு படத்திலிருந்து இன்னொரு படத்துக்குப் பிரதியாகிக்கொண்டே வருகிறது.

பிரிட்டனில் அகழ்ந்து பார்த்த ரோமானியச் சாலைகள் அவ்வளவு பகட்டானவை அல்ல. அந்தந்தப் பகுதியில் கிடைத்ததைக் கொண்டு போட்டிருக்கிறார்கள். சுண்ணாம்புக் கல் உள்ள இடத்தில் சுண்ணாம்புக் கல், ஆற்றுச் சரளை உள்ள இடத்தில் சரளை. இங்கிலாந்தின் தென்கிழக்கில், இரும்பு உருக்கிய பகுதிகளில் உலைக் கசடையே கொட்டிக் கெட்டித்திருக்கிறார்கள். ரோம் நகரை ஒட்டிய ஆப்பியன் சாலையில் காணும் பெரும் கற்பலகைத் தளம் பிரிட்டனின் கிராமப்புறங்களில் அபூர்வம். ஆய்வாளர்கள் பொதுவாகத் தேடும் அடையாளங்கள் இவை:

1. தரையிலிருந்து உயர்த்திய கரை. லத்தீனில் "அக்கர்".
2. இரு பக்கமும் வடிகால், சில இடங்களில் அதற்கும் அப்பால் எல்லைக் கால்வாய்.
3. கீழே பெரிய கல், மேலே கெட்டித்த சரளை அல்லது ஜல்லி.
4. நேர்கோட்டுத் துண்டுகள். ஒரு மேட்டிலிருந்து அடுத்த மேட்டைப் பார்த்துக் கோடு பிடித்திருப்பார்கள். ஆகவே திருப்பம் வரும்போது அது உயரமான இடத்தில் வரும்.
5. இரண்டு முனைகளிலும் போய்ச்சேர ஓர் இடம்: கோட்டை, நகரம், துறைமுகம், சுரங்கம்.

இவற்றில் எதுவும் தனியாகத் தீர்ப்பு சொல்லாது. ஐந்தாவது மட்டும் மற்ற நான்கையும்விடக் கனமானது என்பது என் எண்ணம். படைக்கும் வரிக்கும் அஞ்சலுக்கும் உழைத்த சாலை, எங்கும் போய்ச்சேராமல் மேட்டில் நின்றுவிடாது.

அரக்கனிடமிருந்து ரோமானியரிடம்

இந்தக் கற்பாதையின் உள்ளூர்ப் பெயர் "வேடின் பாதை". வேட் என்பவன் ஓர் அரக்கன், அவன் மனைவி பெல். அவளுடைய மாடு மூரில் மேய்ந்தது. தினமும் போய்ப் பால் கறந்து வர அவளுக்காக அவன் போட்ட வழி இது என்கிறது கதை. பெல் கவசத்துணியில் கல் சுமந்து வந்தபோது நாடா அறுந்து கொட்டிய குவியல்கள்தான் மூரில் ஆங்காங்கே தெரியும் கற்குன்றுகளாம். பிக்கரிங், மல்கிரேவ் கோட்டைகளையும் இந்தத் தம்பதி ஆளுக்கொன்றாகக் கட்டினார்கள் என்றும், கையில் இருந்த ஒரே சுத்தியலை மலைகளுக்கு மேலாக மாற்றி மாற்றி வீசிக்கொண்டார்கள் என்றும் சொல்வார்கள்.

18ஆம் நூற்றாண்டில் படித்த கனவான்கள் வந்தார்கள். கிரேக்க, லத்தீன் நூல்களில் ஊறிய அவர்களுக்குப் பழையது, பெரியது, நேரானது எல்லாம் ரோமானியர் கைவேலை. யார்க் நகரின் அறுவை மருத்துவரும் வரலாற்றாளருமான பிரான்சிஸ் டிரேக் 1736இல் வெளியிட்ட யார்க் வரலாற்றில் இந்தப் பாதையை ரோமானியச் சாலையாகப் பதிவு செய்தார். பண்டைய கிரேக்கப் புவியியலாளர் தாலமியின் குறிப்பில் வரும் "டுனும்" வளைகுடாவை விட்பிக்கு அருகிலுள்ள கடற்கரையாகக் கொண்டு, யார்க்கையும் அந்தக் கரையையும் இந்த வழி இணைத்தது என்று கோடு வரைவது அவருக்கும் அவருக்குப் பின் வந்தவர்களுக்கும் எளிதாக இருந்தது. மேட்டுநிலத்தில் கண்ணுக்குத் தெரிந்தது ஒரு பகுதிதான். வரைபடத்தில் கோடு கடல்வரை போனது.

20ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் புதரை நீக்கிக் கற்களை வெளிக்காட்டினார்கள். அரசு அதைப் பாதுகாப்பில் எடுத்தது. ரேமண்ட் ஹேய்ஸ் என்ற உள்ளூர்த் தொல்லியலாளர் பல ஆண்டுகள் இந்தப் பாதையை மூரின் தெற்கிலும் வடக்கிலும் தேடி நடந்து, ஆங்காங்கே வெட்டிப் பார்த்தார். ரட்டர் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து 1964இல் அவர் வெளியிட்ட அறிக்கை இது ரோமானியச் சாலையே என்று உறுதியாகச் சொன்னது. பிரிட்டனின் ரோமானியச் சாலைகளுக்கெல்லாம் 1950களில் எண் கொடுத்த ஐவன் மார்கரியும் இதற்கு 81பி என்று எண் இட்டிருந்தார். எண் வந்தபின் ஒரு பொருள் எவ்வளவு உறுதியாகிவிடுகிறது! பிரிட்டனின் அரசு நிலவரைபடங்களில் ரோமானியத் தொல்லிடங்களின் பெயரை அச்சிடத் தனி எழுத்து வடிவமே உண்டு. மற்றப் பழம்பொருள்களுக்கு வேறு வடிவம். வரைபடத்தைப் பிரிப்பவர் காலத்தைப் பற்றி வாதம் எதையும் படிப்பதில்லை. எழுத்தைப் பார்த்ததும் காலம் முடிவாகிவிடுகிறது.

ரோமானியர் கட்சியின் பலம்

சந்தேகங்களுக்குப் போகுமுன் எதிர்ப்பக்கத்துக்கு நியாயம் செய்ய வேண்டும். ரோமானியர் இந்த வட்டாரத்தில் இருந்தார்கள் என்பதில் ஐயமே இல்லை.

கி.பி. 71ஐ ஒட்டி, பிரிகான்டஸ் இனத்தாரை அடக்க வடக்கே வந்த படை, யார்க்கில் எபோராக்கும் கோட்டையை நிறுவியது. அதற்கு வடகிழக்கே மால்டனில் ஒரு கோட்டை. அதற்கும் வடக்கே, மூரின் தென்விளிம்பில், காதோர்ன் என்ற இடத்தில் முதல் நூற்றாண்டின் இறுதி அல்லது இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த படை அரண்கள். மூரைத் தாண்டி எஸ்க் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு இறங்கினால் குரோஸ்மன்ட் அருகே லீஸ் ரிக் என்ற இன்னொரு கோட்டை. காதோர்னுக்கும் லீஸ் ரிக்குக்கும் இடையே கோடு போட்டால் அது வீல்டேல் வழியாகத்தான் போகும். இரண்டு கோட்டைகளுக்கு நடுவே உயர்த்திய கரை, ஓரக்கல், மதகு என்று ஒரு கல்வழி கிடக்கிறது. படைப்பொறியாளர் வேலை என்று நினைக்காமல் இருப்பதுதான் கடினம்.

விட்பி கடற்கரையில் கிடைக்கும் ஜெட் என்ற கருநிறக் கல்லும் இருக்கிறது. ரோமானிய யார்க்கில் அதைக் கடைந்து ஆபரணம் செய்திருக்கிறார்கள். ஆகவே கடற்கரைக்கும் யார்க்குக்கும் இடையே சரக்குப் போக்குவரத்து நடந்ததும் உண்மை. ஆனால் ஜெட் எடை குறைந்த பொருள். ஒரு பையில் போட்டு எந்த ஒற்றையடிப் பாதையிலும் கொண்டுபோகலாம். அதற்காக ஏழு மீட்டர் அகலச் சாலை தேவைப்பட்டது என்று யாரும் வாதிட முடியாது.

கேள்விகள் எங்கே எழுகின்றன

1. மேல்தளம் எங்கே? இன்று தெரியும் கரடுமுரடான கற்கள் சாலையின் மேற்பரப்பாக இருந்திருக்க முடியாது. அவை அடித்தளம், மேலே சரளை இருந்தது, மழையில் அடித்துப்போனது அல்லது மக்கள் அள்ளிக்கொண்டார்கள் என்பது வழக்கமான விடை. அது சாத்தியம்தான். ஆனால் ஒரு மைல் முழுவதும் சரளைத் தளம் போய்விட்டு, அடியிலுள்ள கல்வரிசை மட்டும் இவ்வளவு ஒழுங்காக மிஞ்சுமா என்று கேட்கிறார்கள் ஐயுறுவோர்.

2. முனைகள் எங்கே? மூரில் தெரியும் துண்டு உறுதியானது. அதற்கு வடக்கிலும் தெற்கிலும், கோட்டைகள்வரை, இதே அமைப்பு தொடர்ந்தது என்பது பழைய விவரிப்புகளையும் சிதறிய தடங்களையும் கோத்துச் செய்த அனுமானம். எஸ்க் பள்ளத்தாக்குக்கு அப்பால், கடல்வரை போனதாகச் சொல்லும் பகுதி இன்னும் பலவீனமானது.

3. காலங்கள் ஒட்டவில்லை. பழைய எழுத்தாளர்கள் இந்தச் சாலையைக் கடற்கரைக் காவல் கோபுரங்களுடனும் இணைத்தார்கள். ஹன்ட்கிளிஃப், கோல்ட்ஸ்பரோ, ஸ்கார்பரோ, ஃபைலி ஆகிய இடங்களிலுள்ள அந்தக் கோபுரங்கள் நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. காதோர்ன் அரண்களோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்துடன் முடிந்துவிட்டன. நடுவே இருநூறு ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. "ரோமானியர் காலம்" என்று ஒரே சொல்லில் அடக்கும்போது இந்த இடைவெளி கண்ணில் படுவதில்லை. முதல் நூற்றாண்டுப் படையெடுப்புக்குப் போட்ட சாலை என்றால் கோபுரங்கள் அதற்குச் சாட்சி ஆகா. கோபுரங்களுக்குப் போட்ட சாலை என்றால் காதோர்ன் சாட்சி ஆகாது. இரண்டு சாட்சிகளையும் ஒரே வழக்கில் கூண்டேற்றுகிறார்கள்.

4. கல்பேழை. கட்டமைப்பின் மேற்பரப்பிலிருந்து, வெண்கலக் காலப் புதைப்பிடங்களில் காணும் வகைக் கல்பேழை ஒன்று நீட்டிக்கொண்டிருப்பதைச் சந்தேகிப்போர் சுட்டுகிறார்கள். வண்டி போகும் வழியில் யார் இப்படித் தடையை விட்டுவைப்பார்கள்? சாலை போட்டவர்கள் அதை அப்புறப்படுத்தியிருக்க மாட்டார்களா?

5. எவ்வளவு அசல்? சுற்றுவட்டாரத்தில் வயல் மதில் கட்டக் கல் எடுத்திருக்கிறார்கள். பிறகு புதர் நீக்கிக் காட்சிக்கு வைத்தபோது இடம் பெயர்ந்த கற்களைத் திரும்ப அடுக்கியிருந்தால், எது பழைய கை, எது புதிய கை என்று பிரிப்பது எளிதல்ல. "நன்றாக எஞ்சியிருக்கிறது" என்ற பாராட்டை இதை மனத்தில் வைத்தே வாசிக்க வேண்டும்.

ரோமானியர் இல்லையென்றால் யார்?

1990களில் பிளேஸ் வைனர் என்ற தொல்லியலாளர் ஒரு மாற்று விளக்கத்தை முன்வைத்தார். இது சாலையே அல்ல. புதிய கற்காலத்து எல்லைக் கட்டமைப்பின் எச்சம். கல்லும் மண்ணும் கொண்டு எழுப்பிய கரை காலப்போக்கில் சரிந்து, மண் அரித்துப்போய், தட்டையான கற்பரப்பாகத் தெரிகிறது என்பது அதன் சாரம். இந்தப் பக்கத்தில் கற்கால, வெண்கலக் காலக் கல்மேடுகளும் குறுக்குக் கரைகளும் ஏராளம். ஆகவே கருத்து வானத்திலிருந்து விழுந்ததல்ல. மேல்தளம் இல்லாதது, முனைகள் இல்லாதது, கல்பேழை ஆகிய மூன்றையும் இது ஒரே அடியில் தீர்த்துவிடுகிறது. மதகுகளை விளக்குவதில்தான் திணறுகிறது. எல்லைச் சுவருக்கு எதற்கு வடிகால்? நீர் தேங்கினால் சுவர் சரியும் என்று பதில் சொல்லலாம், ஆனாலும் அது கொஞ்சம் இழுத்துச் சொல்லும் பதில்.

மூன்றாவது வாய்ப்பு இடைக்காலம். மடங்களும் ஆட்டு மந்தைகளும் மீன் சுமந்த பொதிக்குதிரைகளும் இந்த மூர்களைக் கடந்தன. அவை போன வழிகள் இன்றும் இருக்கின்றன. உள்ளூரில் அவற்றுக்கு "டிராட்" என்று பெயர். ஒரு குதிரை கால் வைக்கும் அளவுக்கு ஒற்றை வரிசையாகப் பலகைக்கல் பதித்த ஒடுங்கிய தடங்கள். அவற்றின் கற்கள் தேய்ந்து நடுவே குழிந்திருக்கும். வீல்டேலின் அகலமும் தேயாத கற்களும் அந்த வகையோடு சேரவில்லை. மூன்றில் பலவீனமானது இதுதான் என்று தோன்றுகிறது.

ஏன் சோதித்துப் பார்த்துவிடக் கூடாது?

வாசகர் இந்நேரம் கேட்டிருப்பார். கார்பன் சோதனை செய்தால் தீர்ந்துவிடுமே? கல்லுக்குக் கார்பன் சோதனை இல்லை. மணற்கல்லின் வயது கோடிக்கணக்கான ஆண்டுகள்; அதை இங்கே கொண்டுவந்து வைத்த நாள் எது என்பதுதான் கேள்வி. அதைக் கல்லுக்கு அடியில் சிக்கியிருப்பதிடம் கேட்க வேண்டும்.

சாலையின் மேல் ரோமானிய நாணயம் ஒன்று கிடைத்தால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. யாரோ ஒருவர் அந்தப் பக்கம் போனார், அவ்வளவுதான். அதே நாணயம் கரைக்கு அடியில், கலைக்கப்படாத அடுக்கில் கிடைத்தால் கற்காலக் கட்சியின் வழக்கு முடிந்தது: நாணயம் அச்சான ஆண்டுக்கு முன் கரை எழும்பியிருக்க முடியாது. வீல்டேலில் அப்படி அடியிலிருந்து உறுதியான காலச் சான்று எதுவும் எடுக்கப்படவில்லை. ஹேய்ஸ் காலத்தில் அகழ்ந்தவர்களுக்குச் சாலையின் அமைப்பைக் காட்டுவதே நோக்கம். காலத்தை அவர்கள் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. இன்றைக்குக் கையில் உள்ள வழிகள் இவை:

1. கதிரியக்கக் கார்பன். கரைக்கு அடியிலுள்ள பீட்டின் வயதைச் சொல்லும். ஆனால் கட்டியவர்கள் மேற்புல்லைச் சீவியெடுத்துவிட்டுக் கரை போட்டிருந்தால், சோதனைக்குக் கிடைப்பது அதைவிட ஆயிரம் ஆண்டு பழைய அடுக்காக இருக்கலாம். மேலிருந்து இறங்கிய ஹெதர் வேர் கலந்துவிட்டால், இதற்கு நேர்மாறாக வயது குறைந்து தெரியும்.

2. ஒளிர்வுக் காலக்கணிப்பு. குவார்ட்ஸ் மணல் துகள் சூரிய ஒளி பட்டதும் தன்னுள் சேர்த்திருந்த ஆற்றலை இழந்துவிடும். இருட்டில் புதைந்த நாளிலிருந்து, சுற்றியுள்ள இயற்கைக் கதிரியக்கத்தால் மீண்டும் சிறுகச் சிறுகச் சேர்க்கும். ஆய்வகத்தில் ஒளியூட்டி அதை வெளிவரச் செய்து அளந்தால், கடைசியாக எப்போது வெளிச்சம் பார்த்தது என்று கணக்கிடலாம். கரைக்குள்ளும் அதன் கீழும் உள்ள மணலுக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

3. மகரந்தம். கரை எழும்பியபோது சுற்றிலும் காடா, வயலா, ஹெதரா என்று காட்டும். ஆண்டு சொல்லாது, ஆனால் காட்டுக்கு நடுவே போட்ட கரை என்று தெரிந்தால் கற்காலக் கட்சிக்கு அது பெரிய துணை.

இரண்டாவது வழி என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. ஷ்ரூஸ்பரி நகருக்கு அருகே ஷார்ப்ஸ்டோன் குன்றில், கல்சுரங்க வேலைக்கு முன்னதாக அகழ்ந்தபோது கெட்டித்த தளமும் நடுவுயர்ந்த வடிவமும் கொண்ட சாலை ஒன்று வெளிப்பட்டது. ரோமானியச் சாலை என்றே எதிர்பார்த்துத்தான் தோண்டினார்கள். ஒளிர்வுச் சோதனை, கி.பி. 43இல் ரோமானியர் பிரிட்டனில் படையெடுத்து இறங்குவதற்கு முன்பே, இரும்புக் காலத்திலேயே அது போடப்பட்டதைக் காட்டியது. 2011இல் அந்த முடிவு வெளியானபோது, நல்ல சாலை என்றாலே ரோமானியர்தான் என்ற பழக்கத்துக்குப் பலத்த அடி விழுந்தது. புதிய கற்காலத்தவருக்கே வழி போடத் தெரியும்: சாமர்செட்டின் சதுப்பில் கி.மு. 3807, 3806 ஆண்டுகளின் மரங்களை வெட்டிப் பலகைப் பாதை போட்டிருக்கிறார்கள். மர வளையங்களை எண்ணி ஆண்டு சொல்ல முடிகிறது. வீல்டேலில் எண்ணுவதற்கு மரம் இல்லை.

எதிர்த்திசையிலும் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. லங்காஷயருக்கும் யார்க்‌ஷயருக்கும் நடுவிலுள்ள பிளாக்ஸ்டோன் எட்ஜ் மூரில், நேர்த்தியாகக் கற்பாளம் பதித்து, நடுவே நீளக் குழிந்த கல்வரிசையும் கொண்ட செங்குத்தான சாலை உண்டு. நெடுங்காலம் அதையும் ரோமானியர் கணக்கில் எழுதினார்கள். இன்று பலர் அதை 18ஆம் நூற்றாண்டுச் சுங்கச் சாலையாகக் கருதுகிறார்கள். ஒன்று ரோமானியருக்கு முன்னே போய்விட்டது, மற்றொன்று ஆயிரத்தைந்நூறு ஆண்டு பின்னே வந்துவிட்டது. தோற்றத்தை மட்டும் வைத்துக் காலம் சொன்னால் பிழை இரு பக்கமும் ஓடும்.

பெயர் மாறினால் என்ன மாறும்

சட்டப் பாதுகாப்பு மாறாது. இது பட்டியலிடப்பட்ட தொல்சின்னம். 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி இதைச் சேதப்படுத்துவதும், அனுமதியின்றித் தோண்டுவதும், உலோகம் தேடும் கருவியைப் பயன்படுத்துவதும் குற்றம். அந்தச் சட்டத்துக்கு அது யார் கட்டியது என்பது பொருட்டல்ல. அதே சட்டம் ஆய்வையும் மெதுவாக்குகிறது: கரையை வெட்ட ஒப்புதல் வேண்டும், வெட்டிய இடம் வெட்டியதுதான், திரும்பி வராது. ஆகவே சிறு துளை, அதிகச் சான்று என்ற வகையில்தான் எதையும் செய்ய முடியும்.

பராமரிப்பு மாறலாம். ரோமானியச் சாலை என்று காட்ட வேண்டுமானால் கல் வெளியே தெரிய வேண்டும். புதரை வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே தெரியும் கல்லைப் பனியும் ஆட்டுக் குளம்பும் நடப்பவர் காலும் அசைக்கின்றன. எல்லைக் கரை என்று கொண்டால், ஹெதர் மூடிக் கிடப்பதே அதற்கு நல்லது. பார்க்க வருபவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

மாற்றம் பெரிதாக விழுவது வரைபடத்தில். காதோர்னும் லீஸ் ரிக்கும் உறுதியான படைத்தளங்கள். வீல்டேல் அவற்றை இணைக்கவில்லை என்றானால், இணைத்த உண்மையான வழி வேறெங்கோ மூருக்குள் கிடக்கிறது. கிடைத்துவிட்டதாக நினைப்பவர்கள் அதைத் தேடப் போவதில்லை. விமானத்திலிருந்து லேசர் கதிர் அனுப்பித் தரையின் மேடுபள்ளங்களை அளக்கும் லைடார் முறை, வடஇங்கிலாந்தில் மறைந்துபோன பல ரோமானியத் தடங்களைக் காட்டியிருக்கிறது. அதில் கிடைக்கும் மெல்லிய கோடுகளை இனி வீல்டேலின் நீட்சிதான் என்று முன்கூட்டியே முடிவுசெய்யாமல் பார்க்க வேண்டும்.

காதோர்னுக்கே இப்படி மறுஆய்வில் பெயர் மாறியிருக்கிறது. 1920களில் அகழ்ந்த இயன் ரிச்மண்ட், அங்குள்ள அரண்களைப் படைவீரர் பழகுவதற்காகக் கட்டிய பயிற்சி முகாம்கள் என்றார்; பல பதிப்புகள் அதையே சொல்லின. மறுபடி ஆராய்ந்தபோது அவற்றில் இரண்டு, ஆள் வாழ்ந்த கோட்டைகள் என்று தெரிந்தது. வீல்டேல் கரையில் அப்படி மறுஆய்வு நடக்கும்வரை, இங்கிலீஷ் ஹெரிட்டேஜ் சேர்த்திருக்கும் அந்த "அநேகமாக" என்ற சொல்தான் கையில் உள்ள சான்றுக்குச் சரியான அளவு.